தண்ணீர் ஊற்றாத மஞ்சள்

மற்ற ஊர்களில் வேலையில்லாதவன் ஈ ஓட்டுவான். எங்கள் ஊரில் ஈ கட்டுவான். நான் ஐம்பத்தைந்து வருடமாகக் கட்டுகிறேன். தூண்டில் முள்ளில் ரோமத்தையும் இறகையும் சுற்றி, மீன் கண்ணுக்கு ஈயாகத் தெரியும்படி செய்ய வேண்டும், அவ்வளவுதான் தொழில். ஆனால் எங்கள் ஏரியின் ட்ரவுட் மீன்கள் லேசுப்பட்டவை அல்ல. நிறம் ஒரு இழை மாறினால் தொடாது. தொடாமல் போனாலும் பரவாயில்லை. படகோரம் வந்து தலையைத் தூக்கி, இதைக் கட்டிய முட்டாள் யார் என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போகும். என்னை இரண்டு முறை அப்படிப் பார்த்தன. அதற்குப் பிறகுதான் கல்யாணம் செய்துகொண்டேன்.

அட்ராக்டாவுக்குச் சாயம் போடத் தெரியும். அவள் சமையலறையில் சாயம் போடுவாள், சுவருக்கு இந்தப் பக்கத்து அறையில் நான் ஈ கட்டுவேன். நாற்பத்தொரு வருடம் அப்படித்தான். அவளுடைய குண்டான்களை நான் தொட்டதில்லை. என்னுடைய கத்தரிக்கோலை அவள் தொட்டதில்லை. ஒரே ஒருமுறை தொட்டாள், என் மூக்கு ரோமத்தை வெட்டுவதற்கு. அதை நான் மன்னித்துவிட்டேன்.

அவள் போடும் பொன் ஆலிவ் நிறம் இந்தச் சுற்று வட்டாரத்தில் வேறு யாருக்கும் வராது. பழுக்கத் தொடங்கிய பேரிக்காயின் வெயில் பட்ட பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள், அந்த நிறம். கடல்நாய் ரோமத்தையும் சேவல் கழுத்து இறகையும் முதலில் சோப்புத் தண்ணீரில் அலசி எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பாள். பிறகு வினிகர் விட்ட பழுப்பு ஆலிவ் சாயத்தில், கொதிக்கவிடாமல் சூடு பண்ணுவாள். மறுநாள்தான் மஞ்சள் சாயம். மஞ்சளுக்கு அடுப்பு வேண்டாம், பச்சைத் தண்ணீரே போதும். ஒருமுறை பாதிரியாரின் வெள்ளை நாய் பழுப்பு ஆலிவ் குண்டானில் விழுந்து எழுந்தது. அதற்கப்புறம் அது ஏரிப் பக்கம் போனால் மீன்கள் கூட்டமாகக் கரை ஒதுங்கின. அந்த நாய் சாகும்வரை தண்ணீர் குடிக்கக்கூடச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் குடித்தது.

மார்ச் இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, பழுப்பு ஆலிவில் முக்கியெடுத்த ரோமத்தையும் இறகுகளையும் அடுப்புக்கு மேலே இருந்த கொடியில் மாட்டினாள். "மஞ்சள் நாளைக்கு" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு செருப்பைக் கழற்றினாள். மற்றதை நான்தான் கழற்றினேன்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக என் கையைக் குலுக்கினார்கள். வழக்கம் அது. மழை வேறு. எல்லோருடைய கையும் ஈரமாக இருந்தது. கடைசியில் என்னுடைய கையையே நான் ஒருமுறை குலுக்கினேன், வேறு யாரோ என்று நினைத்து. துக்கம் இப்போது தெரியாது, பிறகு வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் வீட்டில்தான் இருந்தேன். எங்கேயும் போகவில்லை.

கொடியில் தொங்கியதை அப்படியே விட்டிருந்தேன். ஒன்பது வாரம். பாதிச் சாயத்தில் நின்ற நிறம் அது. தவளையும் இல்லை, புல்லும் இல்லை. காலையில் தேநீர் போடும்போது தலையில் இடிக்கும். குனிந்து போவேன். உடம்பே அந்த இடத்தில் தானாகக் குனியப் பழகிவிட்டது.

மே மாதம் பாதி ஆகி, ஏரியில் ஈக்கள் எழும்பப்போகிற சமயம், ஒரு வியாழக்கிழமை முடிவு செய்தேன். அவள் பாதியில் விட்டதை மஞ்சளில் இறக்கிவிட வேண்டும். ஈ கட்டுவதற்காகக்கூட அல்ல. ஈ நான் கட்டாவிட்டால் மீன்கள் ஒன்றும் பட்டினி கிடக்காது. "நாளைக்கு" என்று அவள் சொன்ன வேலை ஒன்று என் வீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அது முடிய வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மஞ்சள் இருந்தது அலமாரியின் மேல்தட்டில், ஆரஞ்சு ஜாம் பாட்டிலுக்குப் பக்கத்தில், பழுப்புக் கண்ணாடி ஜாடியில். ஸ்டூல் போட்டு ஏறி மூடியில் கை வைத்தேன். அந்த நேரம் பார்த்து வாசல் கதவு திறந்தது. எங்கள் ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. வந்தது சிஸ்டர் பெனிக்னா. கான்வென்ட் பள்ளியில் முப்பது வருடமாக வேதியியல் நடத்துகிறவர். வாரம் ஒருமுறை ஒரு கேக்கோடு வந்து, நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போவார்.

"மாலக்கி," என்றார். குரல் மிக மெதுவாக இருந்தது. "அது என்ன ஜாடி?"

"மஞ்சள், சிஸ்டர்."

"என்ன மஞ்சள்?"

"அட்ராக்டாவோட மஞ்சள். சாயத்துக்கு."

"மூடியைத் திருகினீங்களா?"

"இனிமேதான். கொஞ்சம் இறுகிக் கெடக்கு. உள்ள கட்டி தட்டி, மூடியைச் சுத்திச் சக்கரை மாதிரி பூத்திருக்கு பாருங்க."

சிஸ்டர் கேக்கைத் தரையில் வைத்தார். மேசை பக்கத்திலேயே இருந்தது. ஆனாலும் தரையில்தான் வைத்தார்.

"கையை எடுங்க. மெதுவா. ஜாடி ஆடக்கூடாது. இறங்கி என்கிட்ட வாங்க."

"கேக் ஆறிடுமே சிஸ்டர்."

"மாலக்கி, நான் முப்பது வருஷமா பொம்பளைப் பிள்ளைங்களை மேய்க்கிறவ. ரெண்டாவது தடவை சொல்ல வைக்காதீங்க."

இறங்கி வந்தேன். வெளியே இழுத்துக்கொண்டுபோய்ச் சுவர் மறைவில் நிறுத்தி விளக்கினார். அது பிக்ரிக் அமிலமாம். ஈரமாக இருக்கும்வரை சாயம், காய்ந்துவிட்டால் வெடிமருந்து. மூடியைத் திருகும்போது படும் சின்ன உரசலே போதுமாம்.

"அட்ராக்டா இதை எப்படி வெச்சிருந்தாங்க?"

"சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கரண்டி தண்ணி ஊத்துவா."

"அவங்க போனப்புறம்?"

"அது அவ பாத்திரம், சிஸ்டர். நான் தொடமாட்டேன்."

சிஸ்டர் போலீசுக்கு ஆள் அனுப்பினார். கோபமா என்னவென்று தெரியவில்லை. நாற்பத்தொரு வருடம் சனிக்கிழமை தவறாமல் அவள் கரண்டியோடு ஸ்டூலில் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை. ஜன்னலில் இருந்த அவளுடைய ஜெரேனியம் செடிக்கு மட்டும் இந்த ஒன்பது வாரமும் தண்ணீர் ஊற்றினேன். அது வளர்ந்து கூரையைத் தொட்டு, பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே போய், அவர்கள் அதற்குத் தனியாக ஒரு தட்டு வைக்கத் தொடங்கியிருந்தார்கள். ஜாடியை நினைக்கவில்லை.

முதலில் வந்தது போலீஸ் சார்ஜென்ட் ஹெஃபர்னன். அப்போது வடக்கே கலவரம் நடந்துகொண்டிருந்த காலம், அதற்கான வெடிமருந்தை எங்கள் பக்கத்துச் சதுப்பில் புதைத்து வைப்பார்கள்.

"பத்து வருஷமா சதுப்புக் காடெல்லாம் தோண்டித் தோண்டி வெடிமருந்து தேடுறேன்," என்றார் சார்ஜென்ட். "என் முதுகெலும்பே போச்சு. நீ என்னடான்னா ஜாம் பாட்டிலுக்குப் பக்கத்துல வெச்சிருக்க."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல."

"உன்கிட்ட எதையாவது கேட்டு உண்மையான பதில் வாங்கின ஆள் இந்த ஊர்ல இருக்கானாய்யா?"

தெருவையே காலி செய்யச் சொன்னார். மதுக்கடையில் இருந்தவர்கள் அதைக் கேட்டு முதலில் கோப்பைகளைக் காலி செய்தார்கள். பிறகு கடையையும் காலி செய்து, தேவாலய வாசலில் போய் நின்று என்னைப் புது மரியாதையோடு பார்த்தார்கள். அதுவரை என்னை ஈ கட்டுகிறவன் என்று மட்டும் நினைத்திருந்தார்கள்.

மதியத்துக்கு மேல் ராணுவ வண்டி வந்தது. கேப்டன் லாலர் என்று ஒருவர் இறங்கினார். டப்ளின்காரர், சின்ன வயது, கடுமையான ஜலதோஷம். மெத்தை தைத்தது போன்ற உடுப்பு போட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து மூக்கைச் சிந்தினார்.

"எவ்வளவு நாளாங்க இந்த ஜாடி இங்க இருக்கு?"

"கல்யாணத்தப்போ அவ கொண்டு வந்த சீரு."

"இதைப் பக்கத்துல வெச்சுக்கிட்டா நாற்பது வருஷம் தூங்கினீங்க?"

"இதைவிட வேகமா வெடிக்கிறது ஒண்ணு பக்கத்துலயே தூங்கிச்சு, கேப்டன்."

கேப்டன் சிரித்தார். சிஸ்டர் அவர் காதில் ஏதோ சொன்னார். சிரிப்பை நிறுத்திக்கொண்டார். எனக்குச் சங்கடமாகப் போயிற்று. நல்ல இடத்தில்தான் சிரித்தார் பாவம்.

காய்ந்த நிலையில் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாதாம். ஜாடியை அப்படியே பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் மூழ்கவைத்து இரண்டு நாள் விடவேண்டுமாம். மூடியின் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியபின், மூன்றாம் நாள் எடுத்துக்கொண்டுபோய் வயலில் புதைத்து வெடிக்கவைத்துவிடுவார்களாம்.

"அதுல ஒரு சிட்டிகை எனக்கு வேணும்," என்றேன்.

"என்னது?"

"மஞ்சள். ஒரு சிட்டிகை. உள்ள கொடியில தொங்குதே, அதுக்கு."

"ஐயா, அது வெடிமருந்து."

"சாயமும்தான்."

"சிட்டிகையும் கெடையாது, துளியும் கெடையாது. என் வேலை போயிடும். அதுக்கு முன்னாடி உங்க கை போயிடும். வேற மஞ்சள் கடையில வாங்கிக்கலாமே?"

வாங்கலாம்தான். பெட்டி பெட்டியாகக் கிடைக்கிறது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாததால், "வாங்கலாம்," என்றேன்.

கேப்டன் உள்ளே போய் அரைமணி நேரம் எடுத்துக்கொண்டு ஜாடியை மூன்றடி நகர்த்தி வாளிக்குள் இறக்கினார். தேவாலய வாசலில் இருந்தவர்கள் அந்த அரைமணி நேரமும் மூச்சு விடவில்லை. அதில் ஒருவர் இன்றுவரை விடவில்லை என்று கேள்வி.

வீட்டுக்குள் நுழையக்கூடாது என்று சொல்லிவிட்டதால் என்னைக் கான்வென்ட் விருந்தினர் அறையில் தங்கவைத்தார்கள். முப்பத்தொரு கன்னியாஸ்திரீகள் இருக்கும் கட்டடத்தில் இரண்டு இரவு படுத்து எழுந்தேன். இந்த ஊரில் அப்படிச் சொல்லிக்கொள்ள வேறு ஆண் பிள்ளை கிடையாது, ஆயரைத் தவிர. அவர் சொல்லிக்கொள்வதில்லை. நல்ல கட்டில், நல்ல கஞ்சி. இரண்டு நாளும் தேநீர் போடப் போகும்போது கான்வென்ட் சமையலறையில் குனிந்தேன். அங்கே கொடி இல்லை.

மூன்றாம் நாள் காலையில் கேப்டன் வந்தார். மூக்கு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. ஜாடியை இடுக்கியால் தூக்கி, மணல் நிரப்பிய பெட்டிக்குள் வைத்தார். இரண்டு சிப்பாய்கள் அதைக் கோயில் சிலையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போனார்கள். என்னையும் சிஸ்டரையும் உள்ளே விட்டார்கள்.

வாளி அங்கேயே இருந்தது. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் உள்ளே இறங்கிய வழியாகவே மஞ்சளும் வெளியே வந்திருந்தது. வாளி முழுக்க மஞ்சள், அடி தெரியாத மஞ்சள்.

"இந்தத் தண்ணியையும் எடுத்துட்டுப் போகணும்," என்றார் கேப்டன். "விதி அப்படி."

"தண்ணி வெடிக்குமா?"

"தண்ணி வெடிக்காது. ஆனாலும் விதி."

"எப்போ எடுப்பீங்க?"

"இப்போ." சொல்லிவிட்டுக் கொடியைப் பார்த்தார். இடித்துக்கொள்ளாமல் இருக்கக் குனிந்தபடிதான் நின்றிருந்தார். "எவ்வளவு நேரம் ஊறணும்?"

அது எனக்குத் தெரியாது. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவன் நான். அவளிடம் கடிகாரம் கிடையாது. சாயம் போடும்போது மணி உருட்டிச் செபமாலை சொல்லுவாள், அதில் துக்கத்துக்கு ஒரு வகை, சந்தோஷத்துக்கு ஒரு வகை. பழுப்புக்குத் துக்கத் தேவ இரகசியம், மஞ்சளுக்குச் சந்தோஷத் தேவ இரகசியம். பத்துப் பத்து மணியாக ஐந்து பத்தும் உருட்டி முடித்தால் வெளியே எடுத்துவிடுவாள். முணுமுணுப்பு மட்டும் சுவர் வழியாகக் கேட்கும்.

"ஒரு செபமாலை," என்றேன்.

"முழுசாவா? எங்கம்மா இருபது நிமிஷத்துல முடிப்பாங்க."

"இவளுக்கு முப்பத்தஞ்சு."

கேப்டன் மூக்கைச் சிந்தினார். கைக்குட்டையை மடித்து வைத்தார். "வயல்ல மணல் மூட்டை அடுக்கணும். முப்பத்தஞ்சு நிமிஷமாவது ஆகும்," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

கொடியில் இருந்ததை எடுத்து நனைத்துப் பிழிந்து, வாளிக்குள் இறக்கினேன். கைக்கு உறை போட்டுக்கொள்ளச் சொல்லி சிஸ்டர் பள்ளி ஆய்வகத்து உறையைக் கொடுத்தார். செபமாலையையும் எடுத்தார். எனக்கு மனப்பாடம் கிடையாது. கேட்டுப் பழக்கம், சொல்லிப் பழக்கமில்லை. சிஸ்டர் ஆரம்பித்தார். கான்வென்ட் வேகம் அது. மழை வருவதற்குள் கொடித்துணியை அள்ளுகிற வேகம்.

"சிஸ்டர், இப்படிப் போனா வெளுத்துப்போயிரும். அவ மெதுவா சொல்லுவா."

"எவ்வளவு மெதுவா?"

"'வாழ்க'ன்னு சொல்லிட்டு ஒரு மூச்சு இழுப்பா. அப்புறம் 'கர்த்தர்'னு ஆரம்பிப்பா."

அப்படியே சொன்னார். இன்னும் கொஞ்சம் மெதுவாக என்றேன். சொன்னார். நான் மரக்கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தேன். முதல் பத்து முடிந்தது. இரண்டாவது பத்தில் ஆறாம் மணியில் இருமச் சொன்னேன். இருமினார். மூன்றாவது பத்தின் நடுவில், "இங்க நிறுத்துங்க" என்றேன்.

"இங்க என்ன?"

"இங்க அவ என்னைக் கூப்பிடுவா. நான் தூங்கிட்டேனான்னு கேப்பா."

"செபத்துக்கு நடுவுலயா?"

"தினமும்."

"அது எவ்வளவு நேரம் ஆகப்போகுது மாலக்கி, விட்டுட்டுப் போகலாம்."

"எல்லாம் நேரம்தான் சிஸ்டர்."

சிஸ்டர் செபமாலை மணியை விரலில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "மாலக்கி, தூங்கிட்டீங்களா?" என்றார்.

"அவ்வளவு மரியாதையா கேக்கமாட்டா."

"மாலக்கி, தூங்கிட்டியா?"

"இல்ல."

அடுத்த மணிக்குப் போனார்.

நான்காவது பத்து முடிந்ததும் ஓர் இடைவெளி உண்டு. அங்கே அவள் குரல் நின்றுவிடும். தண்ணீர்ச் சத்தமும் இருக்காது, காலடிச் சத்தமும் இருக்காது. இரண்டு மூன்று ஈயைச் சுற்றி முடிக்கிற நேரம். பிறகு ஐந்தாவது பத்து தொடங்கும். அந்த நேரத்தில் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தாளோ, காலை நீட்டிக்கொண்டாளோ, ஒன்றும் செய்யாமல் நின்றாளோ.

"இங்க சும்மா இருக்கணும், சிஸ்டர்."

"எவ்வளவு?"

"நான் சொல்றேன்."

சும்மா இருந்தோம். கிளறுவதையும் நிறுத்திவிட்டேன். வெளியே வயலில் மணல் மூட்டைகள் தொப் தொப்பென்று விழும் சத்தம் கேட்டது. சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. ஒன்றும் வரவில்லை. ஆனால் எத்தனை நேரம் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த நேரம் ஆனவுடன், "ம்," என்றேன். ஐந்தாவது பத்து தொடங்கியது.

முடிந்ததும் ரோமத்தையும் இறகுகளையும் எடுத்து, வாளிக்கு மேலேயே பிழிந்து, வெறும் தண்ணீரில் மூன்று முறை அலசினேன். ஈரத்தில் நிறம் தெரியாது. ஈரத்தில் எல்லாமே கறுப்புதான். பழைய செய்தித்தாளை ஜன்னலோரம் விரித்து அதன்மேல் பரப்பினேன். கேப்டன் வந்து வாளியை எடுத்துக்கொண்டு போனார். தண்ணீர் கொஞ்சம் குறைந்திருந்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "உடம்பைப் பார்த்துக்குங்க," என்றார். "நீங்க மொதல்ல மூக்கைப் பாருங்க, தேனும் வெங்காயமும் போட்டுக் காய்ச்சிக் குடிங்க," என்றேன். உண்மையான மருந்துதான் அது.

சிஸ்டர் இரண்டு நாளைக்கு முன்பு தரையில் வைத்த கேக்கை எடுத்துப் பார்த்தார். எறும்பு மொய்த்திருந்தது. அதைத் தட்டிவிட்டு இரண்டு துண்டு வெட்டினார். சாப்பிட்டோம்.

பதினோரு மணி வாக்கில் ஜன்னலுக்குப் போனேன். மேல்பக்கம் காய்ந்துகொண்டு வந்தது. ஒரு கொத்தை விரலால் விலக்கி வெளிச்சத்தில் காட்டினேன். பேரிக்காயின் வெயில் பட்ட பக்கம். ஒரு இழைகூட மாறவில்லை.

"சரியா வந்திருக்கா?" என்றார் சிஸ்டர்.

"வந்திருக்கு."

அப்போதுதான் வயலில் வெடித்தது. பெரிய சத்தம். கண்ணாடி அதிர்ந்தது, தட்டுகள் கலகலத்தன. தேவாலய வாசலில் யாரோ கத்தினார்கள். சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். என் உள்ளங்காலில் ஏதோ வந்து முட்டிவிட்டுப் போனது. சத்தம் ஏரியைத் தாண்டிப்போய்த் திரும்பி வந்து அடங்கும்வரை அப்படியே நின்றேன்.

பிறகு செய்தித்தாளில் கிடந்ததை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டேன். அடிப்பக்கம் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.